மூலிகையும் உரிமமும்

ஜமைக்காவில் 1838இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரித்தானியர், 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினர். அவர்களோடு சென்ற கஞ்சா, அங்கிருந்த ஆப்பிரிக்க வழியினரின் வீட்டு வைத்தியத்தில் இடம்பெற்றது. இலையைக் கொதிக்கவைத்த குடிநீர் காய்ச்சலுக்கும் சளிக்கும் கொடுக்கப்பட்டது. ரம்மில் ஊறிய இலை வலிக்குத் தேய்க்கப்பட்டது. கஞ்சா புகைப்பதை வெறுத்த குடும்பங்களிலும் இந்தக் குடிநீர் காய்ச்சப்பட்டது.

1930இல் ஹெய்லி செலாசி எத்தியோப்பியப் பேரரசராக முடிசூடியதில் கறுப்பின மக்களின் மீட்பைக் கண்டு எழுந்த ராஸ்தஃபாரி சமயம், இந்த வீட்டு மருந்தை வழிபாட்டுப் பொருளாக்கியது. 'ரீசனிங்' எனப்படும் கூட்டு உரையாடலில், நீர் நிரப்பிய 'சாலிஸ்' என்னும் புகைக்குழல் வேண்டுதலுக்குப்பின் கைமாற, விவிலியமும் அடிமை வரலாறும் அன்றாட அநீதிகளும் விடிய விடியப் பேசப்படுகின்றன. அடிமைத்தளை மனத்தில் பதித்துச்சென்ற தாழ்வுணர்ச்சியையும் நோயாகவே கருதும் இம்மக்களுக்கு மருந்தும் வழிபாடும் ஒன்றே. இதைப் போதைப் பழக்கம் என்று மட்டும் கூறி ஒதுக்குவோர் அவர்களுடைய சிந்தனையைக் கற்க மறுக்கின்றனர்.

ஆனால் 1913 முதலே கஞ்சாவுக்குத் தடை இருந்தது. ராஸ்தஃபாரி முன்னோடி லெனார்ட் ஹவல் நிறுவிய 'பினக்கிள்' குடியிருப்பைக் காவல்துறை 1954இல் அழித்தது. 1963இல் கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் நடந்த மோதலையடுத்து ராஸ்தஃபாரிகள் கூட்டங்கூட்டமாகப் பிடிக்கப்பட்டு அடிக்கப்பட்டனர்; அவர்கள் புனிதமெனப் போற்றிய சடைமுடியும் வெட்டப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்க 2017 வரை ஆயிற்று.

இதற்கிடையே, கஞ்சா பயன்படுத்தினால் இரவில் பார்வை தெளிகிறது என்று ஜமைக்க மீனவர்கள் கூறிவந்ததை மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியலாளர் மேன்லி வெஸ்ட் அலட்சியப்படுத்தாமல் ஆராய்ந்தார். கண் மருத்துவர் ஆல்பர்ட் லாக்ஹார்ட்டுடன் இணைந்து, கண்ணழுத்த நோய்க்கு (கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு சிதைவது) 'கேனசால்' என்னும் சொட்டு மருந்தை அவர் உருவாக்கினார். குடிசைகளில் வளர்ந்த அறிவு ஆய்வகத்தில் மதிப்புப் பெற்ற இந்நிகழ்வு பெரிதும் போற்றத்தக்கது. இதனால் மரபு கூறும் அனைத்தும் மெய்யாகிவிடாது; புகை நுரையீரலுக்குக் கேடு, வளரிளம் பருவத்தினரின் மூளைக்கும் ஆபத்து என்பவற்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

2015ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ராஸ்தஃபாரிகளின் சமயப் பயன்பாட்டை ஏற்றது; வீட்டுக்கு 5 செடிகளையும் அனுமதித்தது; மருத்துவ வணிகத்துக்கு உரிம முறையைக் கொண்டுவந்தது. அந்த உரிமத்துக்கான கட்டணமும் வேலியும் கண்காணிப்பு ஏற்பாடும், தடைக்காலத்தில் சிறை சென்றும் இச்செடியைக் கைவிடாத மலைப்பகுதிச் சிறு விவசாயிகளுக்கு எட்டாதவையாக உள்ளன. முதலீடு உள்ளவரே ஆதாயம் பெறும் இந்த ஏற்பாட்டை மாற்றி, கட்டணமில்லா உரிமத்தையும் வருவாயில் பங்கையும் ஜமைக்க அரசு முதலில் அந்தச் சிறு விவசாயிகளுக்கே வழங்க வேண்டும்.