குழந்தைக்கு டாக்டர் எங்கே?

இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறான் மில் தொழிலாளி. குழந்தையின் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. நடவுக்குப் போக வேண்டிய தாய் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கே போவது? யாரிடம் காட்டுவது? பஸ் ஏறி டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். கடைசியில் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைதான் கதி. உழைக்கும் மக்களின் வீடுதோறும் நடப்பது இதுதான்.

டாக்டர் எங்கே இருக்க வேண்டும் என்று சர்க்காரே விதி வகுத்திருக்கிறது. சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம். அங்கே குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர். காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் மத்திய சர்க்காரின் 2021-22ம் ஆண்டுக் கிராம சுகாதாரக் கணக்கு என்ன சொல்கிறது? நாடெங்கும் இந்தக் கிராமப்புற நிலையங்களுக்குத் தேவையான குழந்தை டாக்டர்களில் 100க்குச் சுமார் 80 பேர் இல்லை! கட்டிடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. டாக்டரின் நாற்காலி மட்டும் காலி.

மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது. பெயர் பதிவான தொழிலாளியின் குழந்தைக்கும் அதன்படி வைத்தியம் உண்டு. காண்டிராக்ட் தொழிலாளியின் பெயரைப் பதியாமல் ஏய்க்கும் முதலாளி, அந்தக் குழந்தையின் மருந்தையே பறிக்கிறான். வயலில் பாடுபடும் தொழிலாளிக்கோ அந்தக் காப்பீடும் இல்லை.

நாற்காலி நிரம்பும் வரை நோய் காத்திருக்குமா? ஆகவே, குழந்தை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். தடுப்பூசி போடும் கிராம சுகாதார நர்ஸ் அம்மாவைக் கேளுங்கள்: பக்கத்தில் எந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் இருக்கிறார்? எந்தக் கிழமை, எத்தனை மணி வரை? தனியாரிடம் போக நேர்ந்தால், எம்.பி.பி.எஸ்.ஸோடு எம்.டி. குழந்தை மருத்துவம், டி.சி.எச். போன்ற பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பால் குடிக்க மறுத்தால், குடித்ததையெல்லாம் கக்கினால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாமல் கிடந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். இருமலோடு மூச்சு வாங்கினால், குழந்தை அழாதிருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முடிந்து ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். கூலி போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

விசாரிப்பது பெற்றோர் கடமை. டாக்டரை அமர்த்துவது சர்க்காரின் கடமை. ஆண்டுதோறும் மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. சங்கமும் தாய்மார்களும் அங்கே ஒரே குரலில் கேட்கட்டும்:

காலி இடங்களை நிரப்பு! டாக்டர் வரும் நாளையும் நேரத்தையும் பலகையில் எழுது! வேலை முடிந்து வருவோர்க்கு மாலையிலும் வைத்தியம் செய்!

நம் குழந்தைகளுக்காகக் கேட்கிறோம். கிடைக்கும் வரை விடமாட்டோம்.