ரோட்டோரப் பஞ்சாயத்தும் நம்ம பர்ஸும்

"சார், போலீஸு கோர்ட்டுன்னு அலையாதீங்க. கையில இருக்கறதக் கொடுத்துட்டு கிளம்புங்க."

வெளி மாநிலத்தில் வண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நம்மவர்களே தரும் முதல் இலவச ஆலோசனை இதுதான். கான்பூர், இந்தூர், இப்போது புனே என்று மூன்றாவது மாநிலத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் இது எல்லா ஊரிலும் தவறாமல் கிடைத்தது. கேட்க ரொம்ப நடைமுறை ஞானம் போல இருக்கும். எனக்கு இதில் துளிக்கூட உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிர் போன, கை கால் போன விபத்துகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்குத் தீர்ப்பாயம் இருக்கிறது, தேடி வரும் வக்கீல்களும் இருக்கிறார்கள். நான் பேசுவது நசுங்கிய பம்பர், உடைந்த ஹெட்லைட், கீறல் விழுந்த கதவு. அஞ்சாயிரம், பத்தாயிரம் ரூபாய் சமாச்சாரம். இந்தத் தொகைக்கு நம் நாட்டில் இருக்கும் ஒரே சுறுசுறுப்பான நீதிமன்றம் ரோட்டோரக் கூட்டம்தான்.

அந்த நீதிமன்றத்தின் சட்டப் புத்தகத்தில் மூன்றே பிரிவுகள்:

1. பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு.
2. இரண்டும் ஒரே சைஸ் என்றால், பின்னால் வந்தவன் மேல் தப்பு.
3. மேலே சொன்ன இரண்டையும் மீறி, வெளியூர்க்காரன் மேல்தான் தப்பு.

மூன்றாவது பிரிவுதான் நமக்கானது. டிஎன் நம்பர் பிளேட்டோடு போனால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். என் மாதிரி ட்ரான்ஸ்ஃபர் ஆசாமிகளுக்காக 2021-ல் பிஎச் சீரிஸ் நம்பர் கொண்டுவந்தார்கள். நல்ல வசதி. என்ன, முன்பு டிஎன் வண்டி மற்ற மாநிலங்களில்தான் வெளியூர் வண்டி, பிஎச் வண்டி எல்லா மாநிலத்திலும் வெளியூர் வண்டி :-)

எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நடந்தது இது. அவர்கள் கார் சிக்னலில் நின்றுகொண்டிருக்கிறது. பின்னால் வந்த டூவீலர் மோதி ஹெட்லைட் உடைகிறது. யாருக்கும் அடியில்லை. இரண்டே நிமிஷத்தில் இருபது பேர். "நுக்ஸான் பர்பாயி" என்ற இரண்டு வார்த்தை தவிர அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. கடைசியில் 4,000 ரூபாய் கொடுத்தது யார்? நின்றுகொண்டிருந்த கார்! டிக்கியில் விழுந்த நசுங்கலையும் அவர்களே சரி செய்துகொண்டார்கள். இதற்குப் பேர் சமரசமா?

சட்டம் என்ன சொல்கிறது? கவனக்குறைவு என்றால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒரு பொறுப்பான ஓட்டுநர் காட்ட வேண்டிய ஜாக்கிரதையைக் காட்டாமல் போவது. வண்டியின் சைஸும் நம்பர் பிளேட்டும் அதில் வராது. தப்பு எல்லாம் ஒருவர் தலையில்தான் விழ வேண்டும் என்பதும் இல்லை. பங்கு போட்டுத்தான் பார்க்கிறார்கள்.

நல்ல உதாரணம் கோயம்புத்தூரில் 2017-ல் நடந்த ஒரு விபத்து. நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று பிரேக் போட்டு நிற்க, பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுகிறார். பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறி, கால் போய்விட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்தது: கார் ஓட்டியவர் 50 சதவீதம், பஸ் 30 சதவீதம், பைக் 20 சதவீதம். பெரிய வண்டி பஸ், ஆனால் பெரிய பங்கு காருக்கு. பின்னால் வந்து மோதியவர் பைக்காரர், அவருக்குத்தான் மிகக் குறைந்த பங்கு. ரோட்டோரச் சட்டத்தின் முதல் இரண்டு பிரிவும் அங்கேயே காலி.

அதேபோல் "லைசென்ஸ் இல்லையா? அப்ப உன் மேலதான் தப்பு" என்பார்கள். லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம், அது மட்டுமே விபத்தில் பங்கு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியாகிவிட்டது.

சரி, சட்டம் இவ்வளவு நியாயமாக இருந்தால் படித்தவர்களும் ஏன் ரோட்டிலேயே காசை நீட்டுகிறார்கள்? பயம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் கணக்கு. பி.காம். படித்தவனாயிற்றே, போட்டுப் பார்க்காமல் விடுவேனா?

உங்கள் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய், அது மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கு 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ், ஆக நீங்கள் கட்டுவது 5,000. யாரோ வந்து இடித்ததற்கு உங்கள் பாலிசியில் ஒரு க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று படியேறி மறுபடி 50-க்கு வர வேண்டும். அடுத்தடுத்த ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது 5,000 + 3,000 + 2,500 + 1,500 + 500. மொத்தம் 12,500. இதோடு 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. அதாவது 13,500 ரூபாய்க்குக் கீழே சேதம் என்றால் க்ளெய்ம் போடுபவருக்கு நஷ்டம்!

கவனியுங்கள், தப்பு யார் மேல் என்ற கேள்வியே இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. சிக்னலில் சும்மா நின்றவருக்கும் அதே தண்டனை, குடித்துவிட்டு இடித்தவனுக்குத் தனியாக ஒரு மரியாதை! இது போதாதென்று, போனஸைக் காப்பாற்றித் தர ஒரு ஆட்-ஆன் வேறு விற்கிறார்கள். தப்பே செய்யாதவன் தன் நல்ல பேரைக் காப்பாற்றிக்கொள்ளக் காசு கட்ட வேண்டுமாம்.

சரி, இடித்தவரின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து வாங்கலாமே? தாராளமாக வாங்கலாம். சாதாரணமாக அந்த பாலிசியில் காருக்கு 7.5 லட்சம், டூவீலருக்கு 1 லட்சம் வரை பிறர் சொத்துச் சேதத்துக்குக் கவர் உண்டு (சின்னத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு சிலர் இதை 6,000-ஆகக் குறைத்துக்கொள்கிறார்கள், உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்). ஆனால் எதிராளி சம்மதிக்காவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 165-ம் பிரிவு சொத்துச் சேதத்தையும் அங்கேதான் அனுப்புகிறது.  எட்டாயிரம் ரூபாய் பம்பருக்கு வக்கீல் வைத்து, லீவு போட்டு, வாய்தா வாங்க எவன் போவான்?

உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதை எடுக்கும் செலவு உரிமையைவிட அதிகம். அந்த இடைவெளியில்தான் ரோட்டோரப் பஞ்சாயத்து கடை விரித்திருக்கிறது. அதனால்தான் "கொடுத்துட்டுப் போங்க" என்பவர்களைவிட எனக்கு அதிகக் கோபம் இந்த அமைப்பின் மேல்தான்.

என்ன செய்யலாம்? என் கோரிக்கை மூன்று.

ஒன்று, தப்பு இல்லாதவரின் போனஸில் கை வைக்கக்கூடாது. இரண்டு, ஒரு வரம்பு வரையிலான சொத்துச் சேதத்தை எதிர் வண்டியின் கம்பெனியே குறித்த நாளுக்குள் நேரடியாகத் தீர்க்க வேண்டும். மூன்று, முடியாதவற்றை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். 1987 சட்டப்படி வழக்கு போடுவதற்கு முன்பே அங்கே போகலாம். கோர்ட் கட்டணம் கிடையாது, தீர்ப்பு இறுதியானது. புதிதாக எதையும் கட்ட வேண்டாம், இருக்கும் கதவைத் திறந்தால் போதும்.

அதுவரை நாம் என்ன செய்வது?

* வண்டியை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட்டும், சாலையும், சிக்னலும் அதில் தெரியட்டும்.
* விபத்து விவரத்தை உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 134-ம் பிரிவு ஓட்டுநருக்கு வைத்திருக்கும் கடமை அது.
* "என் மேல்தான் தப்பு" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனியின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது பாலிசியிலேயே இருக்கும் நிபந்தனை.
* தீர்ப்பாயத்தில் மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. 166-ம் பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில் கர்நாடகத்தில் இடிபட்டால், புனேயிலேயே போடலாம். 2022 ஏப்ரலிலிருந்து 6 மாதக் கெடு மறுபடி வந்திருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.
* கூட்டம் கை ஓங்குகிறது, கூடவே குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் யுபிஐ-யில் கொடுங்கள். யாருக்குப் போனது என்ற ரெக்கார்டாவது மிஞ்சும்.

பயந்து கொடுப்பது வேறு. கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அடுத்தவருக்குப் போதிப்பது வேறு. நாம் ஒவ்வொருவரும் கொடுக்கும் நாலாயிரம், அடுத்து அந்தச் சிக்னலில் நிற்கப்போகும் வெளியூர்க்காரருக்கான ரேட்டை நிர்ணயிக்கிறது. அடுத்த முறை தமிழ்ச் சங்கத்தில் யாராவது "கொடுத்துட்டுப் போங்க சார்" என்றால், "யார் மேல தப்பு?" என்று ஒரு கேள்வியாவது திருப்பிக் கேளுங்கள்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, லோன் ஃபைல் பார்க்கும் வங்கி ஊழியன். கேஸ் போடுவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச சட்ட உதவி உண்டு. வீட்டில் சொல்லி வையுங்கள்.