கொல்லரிடம் எந்த இரும்பைக் கொண்டுபோவது?

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மரமேறுவது என் வீட்டுக்காரர்தான். கடையில் வாங்கிய அரிவாள் நாலு மட்டை வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிடுகிறது. பக்கத்து ஊர்க் கொல்லர், "இரும்பைக் கொண்டுவாருங்கள், அடித்துத் தருகிறேன்" என்கிறார். வீடு கட்டியபோது மிஞ்சிய 16 மி.மீ. கம்பி வீட்டில் கிடக்கிறது. பழைய இரும்புக் கடையில் லாரிப் பட்டை, சுருள் ஸ்பிரிங் எல்லாம் இருக்கின்றன. எதைக் கொடுக்கலாம்? மரத்தின் மேல் இருக்கும்போது அரிவாள் உடைந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
– வாசகி ஒருவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வீட்டுக் கம்பியைக் கொடுக்க வேண்டாம். அரிவாளின் வாய் நிற்பதற்குக் காரணம் இரும்பில் உள்ள கரிச்சத்து. கட்டடக் கம்பியில் அது 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். டி.எம்.டி. கம்பியின் மேல்தோல் கடினமாக இருப்பது, ஆலையில் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பதால். உலையில் ஒருமுறை பழுத்தால் அந்தக் கடினம் போய்விடும். எவ்வளவு கைத்திறன் உள்ள கொல்லர் அடித்தாலும் அதில் செய்த அரிவாளின் வாய் மடங்கத்தான் செய்யும்.

வாகனப் பட்டையும் சுருள் ஸ்பிரிங்கும் எஃகு. இவற்றில் கரிச்சத்து பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மட்டை வெட்டும் அரிவாளுக்கு இது பொருத்தம். வாயும் நிற்கும், அடியும் தாங்கும். இனி பார்க்க வேண்டியது வடிவம்.

பட்டையா, உருளையா?

அடிக்கப்போகும் கருவியின் வடிவத்துக்கு எது நெருக்கமோ அதை எடுப்பதே நல்லது. வடிவம் விலக விலக, உலையில் வைக்கும் தடவை கூடும், கரி கூடும், கூலி கூடும். ஒவ்வொரு தடவை பழுக்கும்போதும் இரும்பின் மேல்தோல் செதிலாக உதிரும். தோலிலுள்ள கரிச்சத்தும் குறையும்.

சுருள் ஸ்பிரிங் உருளை வடிவம். 16 மி.மீ. உருளையை 6 மி.மீ. கனத்துக்குத் தட்டினால் 33 மி.மீ. அகலம்கூட வராது. தட்டத் தட்ட நீளமும் கூடுவதே காரணம். ஆகவே அகலமான வெட்டரிவாளுக்கு இது சரிப்படாது. கதிர் அரிவாள், களைக்கொத்து, சிறு கத்தி போன்ற ஒடுங்கிய கருவிகளுக்கு உருளை நல்லது. பிடிக்குள் இறங்கும் காம்பையும் அதிலேயே எளிதாக நீட்டிவிடலாம்.

வெட்டரிவாளுக்குப் பட்டைதான். ஆனால் கனமான லாரிப் பட்டை பல 10 மி.மீ.க்கும் மேல் இருக்கும். அதை 6 மி.மீ. ஆக்குவதற்குள் கொல்லரின் தோள் இறங்கிவிடும். அரிவாளின் முதுகு எவ்வளவு கனம் வேண்டுமோ, ஏறக்குறைய அதே கனமுள்ள பட்டையைத் தேட வேண்டும். ஜீப், சிறு வேன் பட்டைகளில் இது கிடைக்கும்.

அகலத்திலும் கவனம் வேண்டும். பட்டை ஏற்கெனவே வளைந்திருப்பதால் அரிவாள் வளைவுக்கு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டை வளைந்திருப்பது தட்டைப் பக்கமாக. அரிவாள் வளைவது விளிம்புப் பக்கமாக. முதலில் பட்டையை நேராக்கித்தான் வேலையே தொடங்கும். விளிம்புப் பக்கமாக வளைக்க, அகலம் குறைவாக இருந்தால்தான் எளிது. வாயை மெலிதாக அடிக்கும்போது அகலம் தானாக விரியும். ஆகவே 50 மி.மீ. அரிவாளுக்கு 40 மி.மீ. பட்டை போதும். உள்வாயை அடிக்கும்போது வளைவு கொஞ்சம் நிமிரும் என்பதால், கொல்லர் முதலில் வேண்டியதைவிடக் கூடுதலாக வளைத்துக்கொள்வார்.

எவ்வளவு நீளம்?

40 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள பட்டை மீட்டருக்கு ஏறக்குறைய 1.9 கிலோ. முடிந்த அரிவாள் 450 கிராம் இருக்க வேண்டுமானால் 24 செ.மீ. பட்டை கணக்காகிறது. செதிலுக்கும் வெட்டிக் கழிப்பதற்கும் சேர்த்து 28 முதல் 30 செ.மீ. கொண்டுபோனால் போதும்.

விரிசல் பார்த்து வாங்கவும்

பல ஆண்டு ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்தபின் சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, பொடியில் ஈரக்கோடு தெரியும். அந்தத் துண்டு வேண்டாம். போல்ட் துளைக்கு அருகிலுள்ள பகுதியையும், துருப் பிடித்துக் குழி விழுந்த பகுதியையும் தவிர்க்கவும்.

கொல்லரிடம் சொல்ல வேண்டியவை

இது பட்டை எஃகு என்று சொல்லிவிட வேண்டும். பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் இந்த எஃகு வெடிக்கக்கூடும். எண்ணெயில் தோய்ப்பது நல்லது. சிவக்கப் பழுத்து, காந்தம் ஒட்டாத நிலை வந்தபின் தோய்க்க வேண்டும். தோய்த்த கையோடு அரிவாள் கண்ணாடி போல நொறுங்கும் தன்மையில் இருக்கும். வாயைப் பளபளப்பாகத் தேய்த்து, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடேற்றி, வாயில் பழுப்பு தாண்டி ஊதா நிறம் வரும்போது நிறுத்த வேண்டும். இந்த இரண்டாம் சூட்டை விட்டுவிடக் கூடாது.

உடையும் பயத்துக்கு வருவோம். காம்பும் அலகும் சேரும் கழுத்துதான் பார்க்க வேண்டிய இடம். அங்கே கூர்மையான மூலை இல்லாமல் வளைவாக இறங்க வேண்டும். காம்பைத் தோய்க்கவே கூடாது. புது அரிவாளை முதல் நாள் தரையிலேயே காய்ந்த மட்டையில் வெட்டிப் பார்க்கவும். எதிரே யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகள் தள்ளியே இருக்கட்டும். வாய் மடங்கினால் தோய்ச்சல் போதவில்லை; துண்டாகப் பெயர்ந்தால் இரண்டாம் சூடு போதவில்லை. இரண்டையும் கொல்லரே திருத்தித் தருவார். அதன்பிறகு மரத்துக்கு எடுத்துப் போகலாம்.

கேள்வி: தேய்ந்துபோன பழைய அரம் இரண்டு இருக்கின்றன. அவற்றில் அரிவாள் அடிக்கலாமா?
– வாசகர் ஒருவர், தென்காசி மாவட்டம்

பதில்: நல்ல அரத்தில் கரிச்சத்து 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கூர் நன்றாக நிற்கும், ஆனால் அடி தாங்காது. காய்கறிக் கத்தி, ஒட்டுக்கட்டும் கத்தி, பட்டை சீவும் கத்தி ஆகியவற்றுக்கு ஏற்றது. வெட்டரிவாளுக்கு வேண்டாம். அடிக்கும் முன் அரத்தின் பற்களைச் சாணையில் முழுதாகத் தேய்த்துவிட வேண்டும். பல்லோடு அடித்தால் அந்தப் பள்ளங்கள் மடிந்து உள்ளே போய், பிறகு அங்கேயே விரிசல் விடும். மலிவு அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினம். நுனியில் ஒரு சிறு துண்டைப் பழுக்கவைத்து, தோய்த்து, துணி சுற்றி உடைத்துப் பார்க்கவும். படக்கென்று உடைந்து, உள்ளே முழுவதும் ஒரே சீராக நுண்மணலாகத் தெரிந்தால் தாராளமாகக் கத்தி அடிக்கலாம்.