அவள் வீட்டுப் பறை முகாமுக்கு வரவில்லை

கடந்த மே மாதம் ஒரு கோடை முகாமில் பத்து நாள் தன்னார்வலராக இருந்தேன். நாற்பது குழந்தைகள். பாதிப்பேர் கட்டணம் கட்டி வந்தவர்கள். மீதிப்பேர் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து இலவசமாகச் சேர்க்கப்பட்டவர்கள். 'பல பண்பாடுகள், எல்லோருக்கும் இடம்' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தோம்.

ஒன்பதாம் நாள் பண்பாட்டு விழா. 'உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஒரு பொருளைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்லுங்கள்' என்று குழந்தைகளிடம் சொன்னது நான்தான். குத்துவிளக்கு வந்தது, வெற்றிலைப் பெட்டி வந்தது, பல்லாங்குழி வந்தது. ஒரு பையன் தாத்தாவின் கைத்தடியைக் காட்டி, அவரிடம் எத்தனை பண்ணையாட்கள் இருந்தார்கள் என்பது வரை சொன்னான். கைதட்டினோம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். "எங்க வீட்ல பழைய பொருள் எதுவும் இல்லக்கா" என்றாள். மறுநாள் அவள் வரவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் பறை தொங்கிக்கொண்டிருந்தது. தாத்தாவுடையது. "அத எடுத்துட்டுப் போனா நாம யாருன்னு தெரிஞ்சிரும்னு நான்தாம்மா வேணாம்னேன்" என்றார் அவள் அம்மா.

முகாமின் மூன்றாம் நாள் பறைப் பயிற்சி நடந்திருந்தது. மற்றக் குழந்தைகள் குதித்துக் குதித்து அடித்தார்கள். இவள் கை வலிக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்திருந்தாள். காரணம் எனக்கு அந்த வீட்டில்தான் உறைத்தது. மற்றவர்களுக்குப் பறை ஒரு கலை. அடித்து முடித்ததும் கீழே வைத்துவிட்டுப் போகலாம். அவள் தாத்தாவுக்கோ, சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று ஊர் சுமத்திய வேலை.

பன்மைத்துவம் பேசும் நாம் தவறுவது இங்கேதான். மொழி, உடை, உணவு போலச் சாதியையும் இன்னொரு வண்ணமாக நினைத்துக்கொள்கிறோம். சாதி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வேறுபாடு அல்ல, மேலும் கீழுமாக அடுக்கப்பட்டது என்பதை அண்ணல் அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். அந்த அடுக்கின் மேல் நிற்கும் குழந்தைக்குப் 'பாரம்பரியம்' பெருமை. கீழே தள்ளப்பட்ட குழந்தைக்கு அதே கேள்வி ஒரு விசாரணை.

சாப்பாட்டிலும் இதே கதைதான். முகாமில் முட்டைகூடக் கிடையாது. கேட்டபோது, "சில பெற்றோர் விரும்ப மாட்டார்கள், சைவம் என்றால் எல்லோருக்கும் பொது" என்றார்கள். தலையாட்டினேன். 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிப் பந்தி போட்டபோதும் பெற்றோரின் விருப்பம் என்றுதான் காரணம் சொல்லப்பட்டது. காங்கிரஸ் நிதி பெற்ற இடத்தில் இது நடக்கலாமா என்று வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் போராடினார்கள். இன்று தனிப் பந்தி இல்லை. சிலருடைய தட்டே எல்லோருடைய தட்டாகிவிட்டது, அவ்வளவுதான். அரசுப் பள்ளிச் சத்துணவிலோ முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் உண்டு. முகாம் நடத்துகிறவர்களால் இது முடியாதா?

2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களாலேயே ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் மாணவர்களின் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்னதை நான் ஒரு விளையாட்டாகக் குழந்தைகளிடமே கேட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் சாதியைப் பற்றியே பேசக் கூடாதா? பேச வேண்டும். ஆனால் பேசும் சுமையை அந்தச் சிறுமியின் தோளில் வைக்கக் கூடாது. பறை சொல்லிக்கொடுக்கும்போது, அதை யார், எந்தக் கட்டாயத்தில் அடித்தார்கள், யார் மறுத்து நிமிர்ந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும். பண்ணையாட்களைப் பற்றிச் சொன்ன பையனிடம், "அவர்களுக்கு உங்கள் வீட்டில் எங்கே சாப்பாடு போட்டார்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். அவனை அவமானப்படுத்த அல்ல. அவன் வீட்டில் சொல்லாமல் விட்ட பாதிக் கதையை அவன் தெரிந்துகொள்ள.

இந்த ஆண்டும் அழைத்திருக்கிறார்கள். இலவச இடத்தில் வரும் குழந்தைகளின் பெற்றோரும் திட்டமிடும் கூட்டத்தில் உட்கார வேண்டும், முட்டை போட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் எங்காவது தன்னார்வலராகப் போவீர்கள். பேனர் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் கேளுங்கள்.