நகலில் நுழையும் பொய்

2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் இறந்தபோது அவருக்கு வயது சுமார் 85. கிரேட் அந்தமானியர்களின் மொழிகளில் ஒன்றான 'போ'வைப் பேசத் தெரிந்த கடைசி மனுஷி அவர்தான். பெற்றோர் போன பிறகு அந்த மொழியில் அவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மற்றவர்களோடு பேச அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். 2020 ஏப்ரலில் லிச்சோ என்ற பெண்மணியும் இறந்தார். அவரோடு 'ஸாரே' மொழி முடிந்தது.

நல்ல வேளையாக, டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி தீவுகளுக்குப் போய் இவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருந்தார். ஆள் போனாலும் குரல் மிஞ்சியிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் குரல் என்பது வெறும் எண்கள்தான். அந்த எண்களை யார், எப்படி மாற்றுகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

டிஜிட்டல் பதிவில் ஒலி அலையின் உயரம் வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவும் ஒரு 'சாம்பிள்'. டெலிபோனுக்கு வினாடிக்கு 8,000. இசைத் தட்டான சி.டி.க்கு 44,100. வீடியோவுக்கு 48,000. இதில் ஒரு கறாரான விதி உண்டு: எத்தனை முறை அளக்கிறோமோ, அதில் பாதி அதிர்வெண் வரையிலான ஒலிதான் பிடிபடும். டெலிபோனில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தேறாது. 'ஸ' போன்ற சீறும் ஒலிகளின் பலம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். 'எஸ் ஃபார் சேலம்' என்று போனில் கத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

வீடியோவுக்காக எடுத்த பதிவை சி.டி.யில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு 160 சாம்பிளும் 147 ஆக வேண்டும். புதிய 147 புள்ளிகளில் ஒன்றுதான் பழைய புள்ளியின் மேல் சரியாக விழும். மற்ற 146 இடங்களில் அலை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறது. நல்ல மென்பொருள் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் பலவற்றைப் பார்த்துக் கவனமாகப் போடும். காதுக்கு வித்தியாசமே தெரியாது. சோம்பேறி மென்பொருள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு இழுத்துவிட்டுப் போய்விடும்.

எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கும்போது ஆபத்து அதிகம். 8,000 சாம்பிளுக்கு இறக்குவதற்கு முன், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டிவிட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் அது தொலைந்து போவதில்லை, மடங்கித் திரும்புகிறது. 5,000 ஹெர்ட்ஸில் இருந்த ஒலி 3,000 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். பேசியவர் வாயிலிருந்து வராத ஒலி அது. அதாவது இழப்போடு நிற்காமல் பொய்யும் சேர்ந்துவிடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1998ல் வந்து சக்கைப் போடு போட்ட சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒலி அட்டை, எது வந்தாலும் உள்ளே 48,000க்கு மாற்றித்தான் கையாளும். 44,100ல் இருந்த சி.டி. பாட்டு அதில் கொஞ்சம் கெடுகிறது என்று இசைப் பிரியர்கள் புலம்பினார்கள்.

சினிமாப் பாட்டு கெட்டால் வேறு சி.டி. வாங்கிக்கொள்ளலாம். போவா சீனியரின் பேச்சுக்கு மாற்றுப் பிரதி ஏது? கிரேட் அந்தமானிய மொழியில் சாதாரண 'ப', 'த', 'க' தவிர, மூச்சுக் காற்று சேர்த்து உச்சரிக்கும் வகையும் தனியாக உண்டு. தமிழில் அந்த வேறுபாடு கிடையாது. வித்தியாசம் முழுவதும் அந்தச் சின்னக் காற்றோசையில் இருக்கிறது. மோசமான மாற்றத்தில் முதலில் அடிபடுவதும் இப்படிப்பட்ட ஓசைதான். 50 வருஷம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு சந்தேகம் வந்தால், 'பாட்டி, இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்க முடியாது.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. முதல் பதிவை எந்த எண்ணிக்கையில் எடுத்தார்களோ அதே எண்ணிக்கையில், தொடாமல் வைக்க வேண்டும். மாற்றம் எல்லாம் நகலில்தான். நகலின் நகலை மறுபடி மாற்றக் கூடாது. பழைய டேப்புகளை கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது குறைந்தது 48,000 சாம்பிள், 24 பிட் என்பது ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் சொல்லும் அளவு.

'ஃபைல் பெரிதாகிவிடுமே' என்ற சாக்கும் இனி செல்லாது. 48,000 சாம்பிள், 16 பிட், ஒற்றை மைக் என்றால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு சுமார் 346 மெகாபைட். செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் தீவிலிருந்து அதை அனுப்புவது பெரும்பாடு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி கேபிள் வந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்திருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அசலைச் சுருக்கிவிட்டு அழிப்பவர், அந்த மூச்சுக் காற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சுருக்கிய ஃபைலை மறுபடி 48,000க்கு ஏற்றினால் எண்கள் பெருகும், போன ஒலி வராது.