போலீசுக்குக் காட்டவா காப்பீடு?

"இன்ஷூரன்ஸ் எதுக்குங்க? போலீஸ் மடக்கினா காட்டணும், அவ்வளவுதானே!" தமிழ்நாட்டில் வண்டி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழும் பதில் இது. படிக்காதவர்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காருக்கு சன்ரூஃப் வேண்டும், அலாய் வீல் வேண்டும் என்று லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கூடக் காப்பீடு என்றதும், "இருக்கிறதிலேயே கம்மியானதைப் போடுங்க, பேருக்கு ஒரு பேப்பர் இருந்தாப் போதும்" என்கிறார். சோதனையில் மாட்டிக்கொண்டதும் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, "அண்ணே, ஒரு பாலிசி போட்டு உடனே வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்று கெஞ்சுகிறவர்களையும் பார்க்கிறோம். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நம் வண்டியில் அடிபடக்கூடிய ஒரு மனிதருக்கும் அவர் குடும்பத்துக்கும் நாம் எதுவும் கடன்பட்டவர்கள் அல்ல என்ற எண்ணம்தான் இதற்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணத்தைக் கண்டிக்காமல் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-ஆம் பிரிவு, நம் வண்டியால் அடிபடுபவருக்கு இழப்பீடு தரும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்படியிருந்தும் நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்ற நிதித்துறை நிலைக்குழு 2024-ல் சுட்டிக்காட்டியது. எதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று நம்மை இடித்தால், நம் குடும்பத்துக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த உத்தரவால்தான், அந்த ஆண்டு செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்ற விதி வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் நீதிமன்றமே இதைச் செய்ய வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டு முடிந்ததும் என்ன ஆகிறது? ஆறாம் ஆண்டில் அந்த பைக் அதே தெருவில், அதே வேகத்தில், காப்பீடு இல்லாமல் ஓடுகிறது. கேட்டால், "பழைய வண்டிதானே" என்கிறார்கள். பழைய வண்டி இடித்தாலும் மண்டை உடையத்தான் செய்யும்.

இந்த அலட்சியத்துக்குத் துணை நிற்பவை இரண்டு நம்பிக்கைகள். "நான் நிதானமாத்தான் ஓட்டுவேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பது ஒன்று. "எல்லாம் விதி, நடக்கிறது நடந்தே தீரும்" என்பது மற்றொன்று. இரண்டையும் புள்ளிவிவரத்துக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்போம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் 4,61,312 விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். மணிக்குப் பத்தொன்பது பேர். மாநிலங்களில் அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு: 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர் வீடு திரும்பவில்லை.

இந்த விபத்துகள் எங்கே நடந்தன? மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அல்ல. நாட்டில் நடந்த விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வளைவே இல்லாத நேரான சாலையில் நடந்தவை. பெரும்பாலானவை மழையோ பனியோ இல்லாத தெளிவான வானிலையில் நடந்தவை. ஓட்டுகிறவர் "இங்கே என்ன ஆகிவிடப் போகிறது" என்று நம்பும் அதே இடம், அதே நேரம். நிதானமாக ஓட்டுவதாகச் சொல்பவர் பொய் சொல்வதாக நான் கூறவில்லை. ஆனால் எதிரே வருபவரின் நிதானத்துக்கு அவர் உத்தரவாதம் தர முடியாது. தெருவில் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வரும் குழந்தைக்கும், வெளிச்சமே இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிக்கும் அவருடைய இருபது ஆண்டு அனுபவம் தெரியாது.

விதி என்பவர்களுக்கும் அதே அறிக்கையில் பதில் இருக்கிறது. இறப்புகளில் 71 விழுக்காட்டுக்கு மேல் அதிவேகத்தால் வந்தவை. ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் 50,029 பேர். சீட் பெல்ட் போடாததால் இறந்தவர்கள் 16,715 பேர். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் காலும் கிளிப்பை மாட்டாத கையும் நம்முடையவை. அவை செய்ததை விதியின் தலையில் கட்டுவது, செத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நாம் செய்யும் இரண்டாவது துரோகம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் நபர் என்று பாலிசியில் அச்சிடப்பட்டிருப்பவர் யார்? 2022-ல் இறந்தவர்களில் 44.5 விழுக்காடு இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 விழுக்காடு நடந்து போனவர்கள். சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. சித்தாள் வேலைக்குப் போகிறவர், கம்பெனி ஷிஃப்டு முடிந்து வருகிறவர், பால் வாங்கப் போகிற பாட்டி. அந்த மூன்றாம் நபர்கள் இவர்கள்தான்.

அவர்களில் ஒருவரின் உயிருக்கு நீதிமன்றம் எப்படி விலை கணக்கிடுகிறது என்று பாருங்கள். 32 வயது வெல்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில், மாத வருமானம் 20,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். உங்கள் பைக் இடித்து அவர் இறந்துபோகிறார். தவறு உங்களுடையது. சரளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, அவருடைய ஆண்டு வருமானம் 2,40,000. வருங்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கைக் கழித்தால் 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு முதலானவை இதற்கு மேல், வட்டி தனி.

காப்பீடு இருந்தால் இந்த நாற்பது லட்சத்தையும் நிறுவனம் கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு அந்தக் காப்பீட்டின் விலை, மத்திய அரசு 2022-ல் நிர்ணயித்தபடி, வரி நீங்கலாக ஆண்டுக்கு 714 ரூபாய். நாளுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. காப்பீடு இல்லையென்றால் முழுத் தொகையும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். வீடு, நிலம் ஜப்திக்குப் போகும். அவரிடம் எதுவுமே இல்லையென்றால் வெல்டரின் மனைவி கையில் தீர்ப்பு நகல் இருக்கும், பணம் இருக்காது. காப்பீட்டைப் புதுப்பிக்காதவர் மிச்சம் பிடித்த 714 ரூபாய்க்கு விலை கொடுப்பவர்கள் அந்த இரண்டு பிள்ளைகள்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்பதும் சமாதானம் ஆகாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நல்ல திட்டம். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. ஆனால் அது சிகிச்சைக்கானது. போன உயிர் சம்பாதித்திருக்கக் கூடிய பணத்தை அது தராது.

"கம்பெனிக்காரன் எப்படியும் காசு தரமாட்டான்" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. நிறுவனங்கள் க்ளைமை மறுக்கத்தான் செய்கின்றன, சில சமயம் அநியாயமாகவும். ஆனால் அந்தக் கோபத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. மறுப்புகள் பெரும்பாலும் நம் சொந்த வண்டியின் சேதத்தைப் பற்றியவை. அவற்றிலும் பல, பாலிசியை ஒரு பேப்பராக மட்டும் பார்த்ததால் வந்த வினை.

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறந்திருக்காது. பேஸ்மெண்டில் மூழ்கிய காரில், தண்ணீர் வடிந்ததும் உரிமையாளர் ஆசையோடு சாவியைத் திருகினார். உள்ளே புகுந்திருந்த தண்ணீர் பிஸ்டனை நகரவிடாமல் தடுத்தது. இன்ஜின் உள்ளே உடைந்தது. சர்வேயர் வந்து, "இது வெள்ளச் சேதம் இல்லை, நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்த சேதம்" என்று எழுதிவிட்டுப் போனார். சாவியைத் தொடாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போயிருந்தால், அல்லது இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரை வாங்கியிருந்தால், கதை வேறாக இருந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடியும் வெள்ளத்தைக் கொண்டு வருவதற்கு முன்பு, எத்தனை பேர் பாலிசியில் இதைப் பற்றிச் சொல்லும் வரியைப் படித்திருந்தார்கள்?

ஆகவே வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த பைக்கில் பின்னால் உட்காருபவருக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட சொந்தக் காரில் இலவசமாக ஏற்றிச் செல்லும் உறவினருக்கும் அதே கதிதான். மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முழுக் காப்பீடு எடுப்பதே முறை.

வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது மகன். நம் வீடுகளில் இதுதான் வழக்கம். பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டும் உரியது. மகனுக்கு ஒன்று ஆனால் அதிலிருந்து ஒரு பைசா வராது. அவன் பெயரில் தனியே ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவியே கொடுக்காதீர்கள். கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

வண்டியை விற்றால் ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வண்டியை மறக்க வேண்டும். பெயர் மாறாதவரை, வாங்கியவர் செய்யும் விபத்துக்கும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஓன் போர்டு காரை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான காரை, வாடகைக்கு விடாதீர்கள். சபரிமலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்து, உள்ளே இருப்பவர்கள் காசு கொடுத்து ஏறியவர்கள் என்று தெரிந்தால், நிறுவனம் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

பம்பர், விளக்கு மூடி போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துத்தான் தருவார்கள். புதிய கார் என்றால் 'பம்பர் டு பம்பர்' என்று நாம் சொல்லும் தேய்மானமற்ற பாலிசிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் அல்ல.

சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளைம் போடாதீர்கள். தொடர்ந்து ஐந்து ஆண்டு க்ளைம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை தள்ளுபடி சேரும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது அத்தனையும் போய்விடும்.

விபத்து நடந்தால் ரோட்டிலேயே பேசி முடிக்காதீர்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும் பொதுமக்களை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-ல் திருத்திய சட்டமே சொல்கிறது. பிறகு காவல் நிலையத்துக்கும் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். படம் எடுத்து வையுங்கள். க்ளைமை அநியாயமாக மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது போலீஸ்காரருக்காக அல்ல. நம்மால் சாகக்கூடிய ஒரு மனிதரின் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்குவது சாமர்த்தியம் அல்ல, சிக்கனமும் அல்ல. தெரிந்தே செய்யும் அநீதி. உங்கள் பாலிசியை இன்றே எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். அது கடந்திருந்தால், புதுப்பிக்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.