‘உம்’ கொட்ட ஆளில்லாத கதை

பிள்ளைக்குச் சோறு ஊட்ட போனை எதிரே சாய்த்து வைக்கிறோமே, அதில் ஓடுவதை ஒருநாளாவது கூட உட்கார்ந்து பார்த்தோமா? நான் போன வாரம்தான் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஊட்டுகிறேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு பெண் பூட்டிய பெட்டியைத் திறக்கப் போகிறாள். வணக்கம், ஊர், பேர் எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே பூட்டில் கை. முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் பார்ப்பவரின் கட்டைவிரலை நிறுத்தியாக வேண்டும், அதுதான் தொழில். எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று வீடியோ எடுத்தவருக்கு யூடியூப் கணக்கே காட்டுகிறது. ஆள் எந்த இடத்தில் கழன்றாரோ, அடுத்த வீடியோவில் அந்த மாதிரி இடத்துக்குக் கத்தரி. பெட்டி திறக்கும் நேரத்தில் ‘பார்ட் டூ’ என்பார்கள். இல்லையென்றால் கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும். முடிந்ததே தெரியாமல் மறுபடி ஓடும்.

2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று நாம் நிம்மதியாகப் பேசிக்கொண்டோம். ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ்.

வீடியோ எடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பாட்டியும் இதே வித்தைக்காரிதான். ராட்சசன் கதவைத் தட்டும் இடத்தில் ‘மீதி நாளைக்கு’ என்று படுத்துவிடுவாள். ஆனால் அவளுக்கு ‘உம்’ கொட்ட வேண்டும். சத்தம் வராவிட்டால் ‘தூங்கிட்டியா?’ என்பாள்; பதில் இல்லையென்றால் கதை அங்கேயே நிற்கும். ‘ஏன் பாட்டி?’ என்று குறுக்கே கேட்டால் அது வேறு வழியில் போகும், சில நாள் திரும்பியே வராது. போன வாரம் நான் பார்த்த அன்று என் மகன் கடைசிக் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டான். அந்தப் பெண் மட்டும் அவன் முகத்துக்கு நேரே பெட்டியைத் திறக்கப் போய்க்கொண்டே இருந்தாள்.

நாமோ பள்ளிக்கூட வாசலில் நின்று, ‘பையனுக்குக் கவனமே இல்லை மிஸ்’ என்று புகார் சொல்கிறோம். சொன்ன கையோடு நம் போனை எடுக்கிறோம். ‘கதை சொல்லும்மா’ என்று வந்தவனை ‘யூடியூப்ல இருக்கும் பாரு’ என்று அனுப்பிவைத்தது யார்?

‘எனக்குக் கதையெல்லாம் வராதுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மேனேஜர் என்ன சொன்னார், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அதே வாசலில் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் சொல்கிறீர்களே, அதற்கு உம் கொட்டியே எனக்குத் தாடை வலிக்கிறது.